ராவ் பகதூர் ந. சிவராஜ் அவர்களும் செங்கற்பட்டுத் தொகுதியும்

நம் சமூகப் பெரியோர்களுள் ராவ் பகதூர் ந. சிவராஜ் அவர்களின் பெயரை அறியாதார் இலர். ஆயினும் அன்னார் சென்னை மேயராய் விளங்கியதை நினைப்போர் பலராகவும், செங்கற்பட்டுத் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினராய் இருந்ததை நினைப்போர் மிகச் சிலராகவும் இருப்பது நமக்கு வருத்தந் தருகின்றது. அக்குறையை ஓரளவேனும் நீக்குவான் வேண்டி இதனை எழுதப் புகுந்தோம்.

இவர் 1892-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி கடப்பையில் பிறந்தார். சட்டம் பயின்று, சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். 1918-இல் மீனாம்பாள் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரின் தொண்டு தனியே எழுதத்தக்கது. 1942-இல் நாகபுரி மகாநாட்டில் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் தலைவரானார், 1945-இல் மேயரானார்.

நிற்க, நாம் முக்கியமாய்க் கூற விரும்புவது 1957-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றியாம். அப்போது செங்கற்பட்டு இருவரை அனுப்பும் இரட்டைத் தொகுதி. நாடெங்கும் அத்தகையவை 91 இருந்தன. செங்கற்பட்டில் ஓரிடம் பொது. மற்றது நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டது. வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவர்க்கே அளித்தல் கூடாது. ஆகவே பொது இடத்திற்கு நிற்பவர் சேரிக்கும், ஒதுக்கிடத்திற்கு நிற்பவர் ஊருக்கும் சென்று கைகூப்ப வேண்டியதாயிற்று. இஃது இம்முறையின் நன்மை என்பது நம் கருத்து. தீமையும் உண்டு: ஒதுக்கிடத்திற்குரியாரை மற்றையோர் வாக்கே வீழ்த்திவிடக் கூடும். 1952-இல் பம்பாயில் டாக்டர் அம்பேத்கர் அவர்களே இரட்டைத் தொகுதியொன்றில் தோல்வியுற்றார் அன்றோ!

அம்பேத்கர் அவர்கள் 1956 டிசம்பரில் மறைந்த சில மாதங்களுக்குள், அதே முறையில் நின்று, டாக்டர் ஏ. கிருஷ்ணசாமி அவர்களுடன் சிவராஜ் அவர்களும் செங்கற்பட்டில் வெற்றி பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் தோன்றிய குடியரசுக் கட்சிக்கும் இவரே தலைவரானார்.

அத்தேர்தலிலேயே, ஆந்திரத்தின் பார்வதீபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளரே பெற்றனர். பொது இடம் நாடிய வி. வி. கிரி அவர்கள் தோற்றார். அவர் தொடுத்த வழக்கை 1959-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் பொது இடத்தையும் வெல்லலாம் என்றானவுடன் அம்முறையே பலர்க்குக் கசந்தது போலும்! 1961-இல் இரட்டைத் தொகுதிகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. 1962-இல் செங்கற்பட்டு ஒற்றைப் பொதுத் தொகுதியாகி, ஓ. வி. அளகேசன் அவர்களை அனுப்பிற்று. சிவராஜ் அவர்கள் வென்ற ஒதுக்கிடம் அங்கே இல்லாதொழிந்தது.

பின்னர் 1967 முதல் ஸ்ரீபெரும்புதூர் நம்மவர்க்குரிய தொகுதியாயிற்று. ஒரகடச் சாலையில் மோட்டார்த் தொழிற்சாலைகள் பெருகிவந்த காலத்தில், 2009-இல், அதுவும் பொதுத் தொகுதியாயிற்று. ஒதுக்கீடு காஞ்சிபுரத்திற்குப் பெயர்ந்தது. செங்கற்பட்டு என்னும் பார்லிமெண்டுத் தொகுதியின் பெயரும் அன்றே மறைந்தது.

இவற்றுள் பின்னவை எவற்றையும் சிவராஜ் அவர்கள் கண்டாரல்லர். 1964-ஆம் ஆண்டு, தாம் பிறந்த அதே செப்டம்பர் 29-ஆம் நாளில், தமது எழுபத்திரண்டாம் வயது நிறைவில் காலமானார்.