இடையன்குடிக்கு நடந்து வந்த கால்டுவெல் ஐயர்

திருநெல்வேலிச் சீமையின் தெற்குக் கோடியில் இருக்கிறது இடையன்குடி. பக்கத்துப் பெரிய ஊர் திசையன்விளை. இன்னும் கொஞ்ச தூரம் போனால் உவரிக் கடல்.

அந்தப் பக்கத்து மண்ணே தனி. செக்கச் செவேல் என்று இருக்கும். கையில் அள்ளினால் மாவு போல வழியும். அந்த மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். ஆடிக் காற்று அடித்தால் மேடு இடம் மாறும். நேற்று நடந்த பாதை இன்று இருக்காது. அங்கே நெல்லுக்கு வழி இல்லை. ஆனால் பனை வளரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பனைதான்.

அந்தப் பனங்காட்டு ஊரில் இருந்துகொண்டுதான் ஒருவர் தமிழைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றுக்குப் பல ஆண்டுகள் உழைத்தார். உலகத்து மொழி அறிஞர்களை எல்லாம் தமிழின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த புத்தகம் அது. அவர் தமிழர் அல்ல, வெள்ளைக்காரர். ராபர்ட் கால்டுவெல் என்பது பெயர். ஊர் மக்கள் கால்டுவெல் ஐயர் என்றார்கள். நெல்லைச் சீமையில் பாதிரிமாரை ஐயர் என்று மரியாதையாக அழைப்பது வழக்கம்.

கப்பலில் வந்த ஆபத்து

கால்டுவெல் 1814-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்தில் பிறந்தார். தாய் தகப்பனார் ஸ்காட்லாந்துக்காரர்கள். சிறு வயதிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகரத்துக்குத் திரும்பிவிட்டது. பையனுக்குப் படம் வரைவதில் ஆசை. டப்ளின் நகரத்துக்குப் போய் ஓவியம் படித்தார். பிறகு மனம் மாறி, பாதிரியார் ஆவதென்று முடிவு செய்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிரேக்க மொழி சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒரு மொழியை இன்னொரு மொழியோடு ஒப்பிட்டுப் பாடம் நடத்துவார். அந்தப் பாடம் இவர் மனத்தில் பதிந்துவிட்டது.

1837-ல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே சென்னைக்குக் கப்பல் ஏறினார். கப்பலின் பெயர் மேரி ஆன். வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றோடு மோதியது. உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கால்டுவெல் பிழைத்தார். 1838 ஜனவரி 8-ந் தேதி சென்னையில் வந்து இறங்கினார். அந்தப் பயணத்தில் அவருக்குப் பழக்கமானவர் சி.பி. பிரௌன். தெலுங்குக்கு அகராதி செய்து புகழ் பெற்றவர். தமிழ் படிக்க வந்தவருக்குக் கப்பலிலேயே தெலுங்கு அறிஞரின் நட்பு கிடைத்தது. பின்னால் அவர் செய்த வேலையை நினைத்தால் இது நல்ல சகுனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் தங்கித் தமிழ் படித்தார். 1841-ல் வேறு ஒரு சபையில் சேர்ந்தார். அந்தச் சபை அவருக்குக் கொடுத்த இடம் இடையன்குடி.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர் வெளியூர் போவதென்றால் குதிரை வேண்டும். இல்லாவிட்டால் பல்லக்கு வேண்டும். கால்டுவெல் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லி நடந்தார். ஜனங்களையும் அவர்கள் பேச்சையும் தெரிந்துகொள்ள அதுதான் வழி என்று நினைத்தார். தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று போனார். கோயம்புத்தூர் வழியாக நீலகிரி மலையில் ஏறி இறங்கினார். மதுரையைக் கடந்து திருநெல்வேலிச் சீமைக்குள் நுழைந்தார். 1841-ம் ஆண்டின் கடைசியில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27.

பனையேறிகளின் ஊர்

அன்றைய இடையன்குடி வரிசை இல்லாத குடிசைகளின் கூட்டம். ஊரின் பிழைப்பு பனைதான்.

பனை ஏறுவது லேசான தொழில் அல்ல. பொழுது விடியும் முன்பே ஆண்கள் புறப்பட்டுவிடுவார்கள். காலில் தளைநார், இடுப்பில் பாளை சீவும் அரிவாள். கிளை இல்லாத மரத்தை மார்போடு அணைத்து ஏற வேண்டும். உச்சியில் பாளையைச் சீவி, கலயத்தில் வடிந்திருக்கும் பதநீரை இறக்க வேண்டும். ஒரு மரம் ஏறினால் போதாது, பல மரம். காலையில் ஏறிய மரத்திலேயே மாலையில் மறுபடியும் ஏற வேண்டும். கை நழுவினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஏறி ஏறி மார்பும் உள்ளங்காலும் காய்த்துப்போகும்.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் பதநீர் இனிப்பாகவே இருக்கும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். பதநீர் வீட்டுக்கு வந்ததும் பெண்களின் வேலை தொடங்கும். அடுப்பை மூட்டி, புகையில் கண் எரிய எரியக் காய்ச்சுவார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. பதம் தவறினால் ஒரு நாள் பாடு வீண். மரத்தின் ஓலை வீட்டுக்குக் கூரை. நாரில் கட்டில். ஓலையில் பெட்டி, பாய், விசிறி. ஏடாக நறுக்கினால் எழுதவும் அதுதான். ஒரே மரம் ஒரு ஊரையே காப்பாற்றியது.

இந்த ஊரில்தான் கால்டுவெல் குடியேறினார். நிலம் வாங்கி நேரான தெருக்களை அமைத்தார். கிணறுகள் வெட்டினார். மரம் நட்டார். பள்ளிக்கூடம் வைத்தார்.

1844-ல் அவருக்குக் கலியாணம் நடந்தது. மணப்பெண் எலைசா, நாகர்கோவில் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மகள். வெள்ளைக்காரப் பெண் என்றாலும் திருவிதாங்கூர்ச் சீமையிலே பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவருக்குத் தாய்மொழி மாதிரி. ஊர்ப் பெண்கள் தயங்காமல் பேசியது இந்த அம்மாளிடம்தான். பெண் பிள்ளைகளுக்காக விடுதியோடு பள்ளி நடத்தினார். சரிகை போல நூலில் பின்னும் லேஸ் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். இடையன்குடி லேஸ் வெளிச் சீமைக்கும் போயிற்று. பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்கியது. ஐயரின் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அம்மாளின் வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அது நியாயம் இல்லை.

மூன்று, மூடு, மூரு

கால்டுவெல் பனையேறியின் பேச்சையும் கேட்டார். புலவர்களின் செய்யுளையும் படித்தார். வீட்டில் பேசுகிற தமிழ் ஒரு விதம், ஏட்டில் எழுதுகிற தமிழ் ஒரு விதம் என்பதைக் கவனித்தார். பிறகு அக்கம்பக்கத்து மொழிகளையும் கவனித்தார்.

நாம் மூன்று என்கிறோம். மலையாளத்தில் மூன்னு. கன்னடத்தில் மூரு. தெலுங்கில் மூடு. நமக்குக் கண், கன்னடத்தில் கண்ணு, தெலுங்கில் கன்னு. இப்படிப் பெயரும் வினையும் எண்ணும் எல்லாம் எடுத்து ஒப்பிட்டார். இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், சமஸ்கிருதத்தில் இருந்து பிறந்தவை அல்ல என்று காட்டினார். 1816-லேயே சென்னையில் எல்லிஸ் துரை இதைச் சொல்லியிருந்தார். ஆனால் வாதம் முழுவதையும் ஆதாரத்தோடு விரித்து, யாரும் தள்ள முடியாதபடி நிறுத்தியவர் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்ற அந்த நூல் 1856-ல் லண்டனில் வெளிவந்தது. 1875-ல் அதை விரிவாக்கி மறுபடியும் வெளியிட்டார். தமிழ் சமஸ்கிருதத்தின் துணை இல்லாமல் நிற்கக்கூடிய மொழி என்பது அவர் முடிவு. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எழுந்த மொழி உணர்ச்சிக்கும் அரசியலுக்கும் அந்த முடிவு பெரிய பலமாக இருந்தது.

ஊரார் மனம் புண்பட்டது

பெருமையைச் சொன்ன வாயால் இதையும் சொல்ல வேண்டும். ஒப்பிலக்கணம் வருவதற்கு முன்பே, 1849-ல், கால்டுவெல் இன்னொரு சிறு நூல் எழுதினார். அது அவர் நடுவில் வாழ்ந்த நாடார் மக்களைப் பற்றியது. சீமையில் இருப்பவர்கள் படிப்பதற்காக ஆங்கிலத்தில் எழுதியது. அதில் அந்த மக்களின் குணத்தையும் அறிவையும் தாழ்த்தி எழுதிவிட்டார். அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் எழுதினார்.

ஊரில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாதவரை அது யாருக்கும் தெரியவில்லை. பாதிரிமார் வைத்த பள்ளிகளில் பிள்ளைகள் படித்தார்கள். படித்த பிள்ளைகள் அந்த நூலையும் படித்தார்கள். கொதித்துப்போனார்கள். தண்ணீரும் பள்ளியும் தந்த கையே இப்படி எழுதியதே என்று மனம் நொந்தது. கண்டனங்களும் மனுக்களும் கிளம்பின. அவர் காலத்துக்குப் பிறகும் அந்தக் கோபம் ஓயவில்லை. அதோடு அவர்கள் நிற்கவும் இல்லை. தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுத உட்கார்ந்தார்கள். சட்டாம்பிள்ளை முதலானோர் எழுதிய நூல்கள் அப்படிப் பிறந்தவை. வெள்ளைக்கார ஐயர் எழுதிவிட்டார் என்று தலைகுனிந்து இருக்கவில்லை.

33 ஆண்டுக் கட்டடம்

இடையன்குடிக் கோவிலை 1847-ல் கட்டத் தொடங்கினார்கள். முடிந்தது 1880-ல். இடையில் 33 ஆண்டுகள்! பணம் வரும், நிற்கும். வேலை நடக்கும், நிற்கும். சன்னல்களின் வளைவுகளைக் கொத்தனார்களுக்குப் புரியவைக்க ஐயரே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று சொல்வார்கள். டப்ளினில் படித்த ஓவியம் தேரி மணலில் உதவியது. 1880 ஜூலை 6-ந் தேதி கோவில் திறக்கப்பட்டது. உள்ளூர்க் கல்லில் எழுந்த அந்த உயர்ந்த கட்டடத்துக்குள் ஊரார் உழைப்பும் இருக்கிறது.

இதற்கு நடுவே 1877-ல் அவர் பிஷப் ஆனார். அந்தச் சமயத்தில்தான் கொடிய தாது வருஷப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலையில் ஓடியாடினார். அதே ஆண்டுகளில் தாமிரபரணிக் கரைக்குப் போய்க் கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. பெரிய தாழிகள் கிடைத்தன. பிற்காலத்தில் அங்கே அரசாங்கத் தொல்லியல் துறையே தோண்டியது. திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தையும் எழுதி 1881-ல் வெளியிட்டார்.

1883-ல் தூத்துக்குடிக்குக் குடிபோனார். உடம்பு தளர்ந்தது. 1891 ஆகஸ்டு 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 77. அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. உடலை மலையிலிருந்து இறக்கி, நெடுந்தூரம் இடையன்குடிக்கே கொண்டு வந்தார்கள். 33 ஆண்டுகள் கட்டிய கோவிலுக்குள் அடக்கம் செய்தார்கள்.

சென்னைக் கடற்கரையில் 1968-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2010-ல் தபால் தலை வந்தது. இடையன்குடியில் அவர் குடியிருந்த வீட்டை 2011-ல் தமிழக அரசு நினைவில்லம் ஆக்கியது.

எலைசா அம்மாள் கணவருக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். 1899-ல் அவர் காலமானபோது அவரையும் இடையன்குடிக்கே கொண்டு வந்து, அதே கோவிலில், ஐயரின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.