எஞ்சினை விற்காமல் 'மிச்சத்தை' விற்ற ஜேம்ஸ் வாட்... ஹார்ஸ்பவர் பிறந்தது எப்படி?

பல்பு வாங்கும்போது எத்தனை வாட் என்று பார்க்கிறோம். கார் வாங்கப் போனால் ஹார்ஸ்பவர் எவ்வளவுன்னு கேட்கிறோம். இந்த ரெண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே ஆள்தான்: ஜேம்ஸ் வாட்.

யார் இவர்?

1736-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊரில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் வேலை. நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் இவர்தான்னு பலர் நினைக்கிறாங்க. ஆனால், நியூகோமனின் எஞ்சின் 1712-லேயே வந்துவிட்டது. அதன் மாதிரி ஒன்று ரிப்பேருக்கு வந்தபோது, சிலிண்டரை மாறி மாறிச் சூடாக்கிக் குளிர வைப்பதிலேயே நீராவி வீணாவதைக் கவனித்தார் வாட். குளிர வைக்கத் தனி அறை வைத்தால் போதும் என்ற விடை 1765-ல் கிடைத்தது.

சுரங்கக்காரர்களின் கவலை

1775-ல் பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டனுடன் கூட்டு சேர்ந்தார். இங்கிலாந்தின் கார்ன்வாலில் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் அதிகம். தண்ணீரை இறைக்காவிட்டால் சுரங்கமே மூழ்கிவிடும். இறைக்க எஞ்சின் ஏற்கெனவே இருந்தது. ஆனா நிலக்கரி? வேல்ஸிலிருந்து கப்பலில் வரணும். அந்தச் செலவுதான் அவர்களை வாட்டியது.

அதனால் கூட்டாளிகள் புது மாதிரி ஒப்பந்தம் போட்டனர். வரைபடமும் மேற்பார்வையும் இவர்களுடையது. பாகங்கள், கட்டுமானச் செலவு சுரங்கத்துடையது. பழைய எஞ்சினோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் 3-ல் 1 பங்கு இவர்களுக்கு. மிச்சம் இல்லைன்னா பங்கும் இல்லை. எஞ்சின் எத்தனை முறை இயங்கியது என்று எண்ண, பூட்டிய பெட்டிக்குள் கவுண்டர் வைத்தார்கள்.

குதிரைக் கணக்கு ஏன்?

1780-களில் சக்கரம் சுழற்றும் எஞ்சின் ஆலைகளுக்குப் போனது. பல ஆலைகளில் குதிரைகள்தான் செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே நிலக்கரி மிச்சம் பற்றிப் பேசி என்ன பயன்? எத்தனை குதிரைக்கு இது ஈடாகும் என்பதே ஆலைக்காரர் கேள்வி. வாட் கணக்குப் போட்டார்: நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை 1 அடி தூக்கினால், அது 1 ஹார்ஸ்பவர். ஆண்டுக் கட்டணமும் அந்த அளவுப்படியே.

கடைசியில் என்ன ஆச்சு?

செம்பு விலை சரிந்தபோது, அதே மிச்சப் பங்கு சுரங்கங்களுக்குச் சுமையானது. சிலர் பணத்தை நிறுத்தினர். வழக்குகள் 1799 வரை நீண்டன. வாட் பக்கம் தீர்ப்பு வந்தாலும், கார்ன்வாலில் கசப்புதான் மிஞ்சியது. வாடிக்கையாளரின் கஷ்டத்தை ஒருமுறை புரிந்துகொண்டால் போதாது, அது மாறும்போதும் கவனிக்கணும் என்பதை அந்தக் கசப்பே காட்டியது.

1800-ல் காப்புரிமை முடிந்ததும் வாட் ஓய்வு பெற்றார். 1819-ல் காலமானார்.