பொய்த் திருமணமும் மெய்த் துணிவும்

திருப்பதிக்கும் திருமணத்திற்கும் உள்ள உறவை நான் சொல்லித்தான் நண்பர்கள் அறிய வேண்டும் என்பதில்லை. மலைமேல் பெருமாளுக்கே கல்யாண உற்சவம் நடந்தவண்ணம் இருக்கும் ஊர் இது. இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு பொய்த் திருமணத்தைப் பற்றி எழுதப் புகுந்தேன். பெருமாள் பொறுத்தருள்வாராக!

மனத்தில் காதல் இல்லாத இருவர், ஊரை நம்பவைக்க நிச்சயதார்த்தம் செய்துகொள்வார்கள். முடிவில் அந்தப் பொய்யே மெய்யாகிவிடும். பழங்காலத்தைக் களமாகக் கொண்ட காதல் நாவல்களில் நாம் சலிக்காமல் சுவைக்கும் கதை இது. அங்கே பொய் காதலை வளர்க்கிறது. ஆனால் ஒரு பொய்த் திருமணத்தைக் கொண்டு ஒரு சிறுமியின் வாழ்வைக் காத்துக் காட்டினார் ஓர் ஆசிரியர். அவர்தாம் குரஜாட அப்பாராவ்.

அப்பாராவ் 1862ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், விசாகப்பட்டினம் மாவட்டத்து ராயவரத்தில் பிறந்தார். விஜயநகரத்தில் மகாராஜா கல்லூரியில் பயின்று, 1886இல் பி. ஏ. பட்டம் பெற்று, அந்தக் கல்லூரியிலேயே ஆசிரியரானார். ஆனந்த கஜபதி மகாராஜாவின் அன்பும் நம்பிக்கையும் அவருக்குக் கிட்டின. அரண்மனை நிழலில் வாழும் புலவர் அரசரைப் பாடிக் காலத்தைக் கழித்திருக்கலாம். இவரோ அக்கிரகாரத்துத் திண்ணைகளில் நடந்த வாணிகத்தைக் கவனித்தார்.

அது பெண்ணை விற்கும் வாணிகம்! மணமகனிடம் பணம் வாங்கிக்கொண்டு தந்தை தன் மகளைக் கொடுப்பதே கன்யாசுல்கம். பணம் உள்ளவர் பெரும்பாலும் கிழவர். பெண்ணோ பால் மணம் மாறாத குழந்தை. விசாகப்பட்டினம் மாவட்டத்து அந்தணர் குடும்பங்களில் நடந்த இத்தகைய மணங்களை மகாராஜா கணக்கெடுக்கச் செய்தார். அப்பாராவ் தம் நாடகத்தின் முன்னுரையில் அந்தக் கணக்கைத் தருகிறார். மூன்று ஆண்டுகளில் பதிவானவை 1,034. அவற்றுள் ஐந்து வயதுப் பெண்கள் 99 பேர். நான்கு வயதினர் 44. மூன்று வயதினர் 36. இரண்டு வயதினர் 6. ஒரு வயதுக் குழந்தைகள் 3. அறிவியல் மாணவனாகிய நான் எண்களைக் கண்டு கலங்குபவன் அல்லன். கூட்டிப் பார்த்தேன், ஐந்து வயதும் அதற்குக் கீழுமாக 188 குழந்தைகள். ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டு! அந்தக் கடைசி எண்ணாகிய மூன்றை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

இந்தக் கணக்கைக் கண்டவர் அழுகை நாடகம் எழுதியிருந்தால் வியப்பில்லை. அப்பாராவ் சிரிப்பு நாடகம் எழுதினார். மூத்த மகளைக் கிழவருக்கு விற்று, அவள் விதவையாகி வீட்டில் இருக்கக் கண்டும், இளையவள் சுப்பியையும் லுப்தாவதானி என்னும் கிழவருக்கு விற்க முனைகிறார் தந்தை. தாய் கிணற்றில் விழுகிறாள். தாய்மாமன் கரடக சாஸ்திரி ஒரு சூழ்ச்சி செய்கிறார். தம் மாணவனுக்குப் பெண் வேடம் இட்டு, தம் மகள் என்று சொல்லி, குறைந்த விலைக்கு அதே கிழவருக்கு மணம் முடித்துவிடுகிறார்! கருமியின் பேராசையே அவருக்குக் கண்ணியாகிறது. மணப்பெண் வேடத்தைக் களைந்துவிட்டு ஓடிவிட, கிழவர் மேல் கொலை வழக்கு வருகிறது. வழக்கின் முடிச்சை அவிழ்ப்பவள் மதுரவாணி என்னும் கணிகை. நல்லோர் என்று பெயர் எடுத்தவர்களைவிட அவளே நேர்மையாளாக நிற்கிறாள். 1955இல் வந்த திரைப்படத்தில் நம் நடிகையர் திலகம் சாவித்திரி ஏற்ற வேடம் இதுவே.

1892இல் விஜயநகரத்தில் அரங்கேறிய இந்நாடகம் 1897இல் நூலாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1909இல், அதைப் பெரிதும் மாற்றி விரித்து மீண்டும் வெளியிட்டார். புகழ் பெற்ற நூலையே திருத்தி எழுதும் துணிவு எல்லோர்க்கும் வருவதன்று.

மொழியிலும் அவர் துணிந்தவர். தெலுங்கில் நூல் எழுதினால் பழைய இலக்கண நடையில்தான் எழுதவேண்டும் என்பது அந்நாளைய கட்டு. அப்பாராவ் மக்கள் பேசும் தெலுங்கில் எழுதினார். கிடுகு ராமமூர்த்தியும் அவரும் நடத்திய அந்தப் போராட்டத்தில் தோள் கொடுத்தவர் ஒரு தமிழர் என்பது நாம் மகிழத்தக்கது. விசாகப்பட்டினத்தில் கல்லூரி முதல்வராக இருந்த பி. டி. சீனிவாச அய்யங்கார் அவர். பின்னாளில் தமிழர் வரலாற்றை எழுதியவரும் அவரே. சென்னைப் பல்கலைக்கழகம் பழைய நடையின் பக்கம் சாய்ந்தபோது, அப்பாராவ் 1914இல் தம் மறுப்பை விரிவாக எழுதித் தந்தார். மறு ஆண்டே, நவம்பர் 30இல், ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர் கேட்ட மொழி வெற்றி பெற்றதை அவர் காணவில்லை.

அந்த வெற்றியின் பயனை நான் அனுபவிக்கிறேன். பிழைப்புக்காகச் சித்தூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. என் தெலுங்கு பள்ளியில் கற்றதன்று. கடைத்தெருவிலும் பேருந்திலும் பொறுக்கிச் சேர்த்தது. பழைய நடையில் எழுதப்பட்டிருந்தால் அந்த நாடகத்தின் வாயிற்படியைக்கூட நான் மிதித்திருக்க முடியாது. வடக்குச் சீமைப் பேச்சு தடுக்கிய இடங்களில் ஆராய்ச்சிக்கூடத்து நண்பர் ஒருவர் கைகொடுத்தார். இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

சிரித்து முடித்தபின் ஒன்று தோன்றியது. அன்று பெண்ணுக்கு விலை, இன்று ஆணுக்கு! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. ஆயினும் எனக்கு இருபத்து மூன்று வயது ஆனதும், எம். எஸ்ஸி. முடித்தால் எவ்வளவு தேறும் என்று உறவினர் கணக்கிடத் தொடங்கிவிட்டனர். என் தங்கைக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது அதற்கு அடுத்த வரி. ஒரே தாளில் வரவும் செலவும்!

நண்பர்களே, நமக்காகப் பொய்ப் பெண்ணைத் தேடிக் கொண்டுவர இன்று ஒரு கரடக சாஸ்திரி இல்லை; தேவையும் இல்லை. சுப்பிக்கு வாய் திறக்கும் வயதில்லை. அதனால் அவளுக்காகப் பிறர் பொய் சொல்ல நேர்ந்தது. நமக்கு வயதும் உண்டு, படிப்பும் உண்டு, வாயும் உண்டு. விலை பேச வருபவர்களிடம், இது விற்பனைக்கு இல்லை என்னும் மெய்யை நாமே சொல்லிவிடலாம்.