எமில் சாட்டோபெக்: 3 தங்கம் வென்றவர் ராணுவப் பதவியை இழந்த வரலாறு

ஒரே ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் தங்கம் வென்ற ஒரே வீரர், செக்கோஸ்லோவாகியாவின் எமில் சாட்டோபெக். அவரைக் கொண்டாடிய ராணுவமே பின்னாளில் அவரைப் பணியிலிருந்து நீக்கியது.

மொராவியாப் பகுதியின் கொப்ரிவ்னிட்சே நகரில் 1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி எளிய குடும்பத்தில் பிறந்த அவர், ஸ்லின் நகரிலுள்ள பாட்டா காலணித் தொழிற்சாலையில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 18 வயதில், நிர்வாகத்தின் கட்டாயத்தால் ஓட்டப் பந்தயம் ஒன்றில் விருப்பமின்றிப் பங்கேற்று இரண்டாம் இடம் பிடித்தார். ஓட்டத்தில் அவருக்கு ஆர்வம் பிறந்தது அதன் பிறகுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்த சாட்டோபெக், கனத்த ராணுவக் காலணிகளை அணிந்து பனியிலும் இருளிலும் ஓடிப் பழகினார். 400 மீட்டரை வேகமாக ஓடி, சிறிது தூரம் மெதுவாக ஓடி, மீண்டும் வேகமெடுக்கும் பயிற்சியை ஒரே நாளில் பல முறை மேற்கொண்டார்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கமும், 5,000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கிற்குப் புறப்படும் வேளையில், சக வீரர் யுங்விர்ட்டுக்கு அவருடைய தந்தை அரசியல் கைதி என்பதால் அனுமதி மறுக்கப்பட்டது. அவர் இல்லாமல் தாமும் செல்வதில்லை என சாட்டோபெக் உறுதியாக நின்றார். இறுதியில் அரசு பணிந்தது. இருவரும் ஹெல்சின்கி சென்றனர்.

அங்கு 8 நாள்களுக்குள் மூன்று தங்கங்களையும் அவர் வென்றார். மாரத்தானில் அவர் ஓடியது அதுவே முதன்முறை. 5,000 மீட்டரில் அவர் வென்ற அதே நாளில், மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார்.

பல உலக சாதனைகள் படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிட்டாத ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க், பின்னாளில் பிராக் நகருக்கு வந்திருந்தார். அவர் நாடு திரும்பும்போது சாட்டோபெக் ஒரு சிறு பொட்டலத்தைக் கையில் கொடுத்தனுப்பினார். விமானத்தில் பிரித்துப் பார்த்தபோது, அதில் சாட்டோபெக்கின் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் இருந்தது.

1968-ஆம் ஆண்டில், அரசியல் சீர்திருத்தம் கோரிய 'இரண்டாயிரம் சொற்கள்' அறிக்கையில் சாட்டோபெக் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் மாதம் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்தபோது, பிராக் நகர வீதியில் நின்று அதனைக் கண்டித்தார். அப்போது அவர் ராணுவத்தில் கர்னல்.

விளைவாகக் கட்சியிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் நீக்கப்பட்டார். நிலத்தடி ஆய்வுக்காகத் துளையிடும் குழுவில் உடலுழைப்புத் தொழிலாளியாகச் சேர்ந்து, வீட்டைப் பிரிந்து பல ஆண்டுகள் பணியாற்றினார். நெருக்கடி நீடித்த நிலையில், தமது முந்தைய நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்குவதாக அவர் பகிரங்கமாக அறிவிக்கவும் நேர்ந்தது. அது அவருடைய ஆதரவாளர்கள் பலரை வருத்தமடையச் செய்தது.

கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தபின், 1990-இல் அவரது மதிப்பு அதிகாரபூர்வமாக மீட்டளிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் தமது 78-ஆவது வயதில் பிராக் நகரில் அவர் காலமானார். ஹெல்சின்கியில் அவர் படைத்த மூன்று தங்கச் சாதனை இன்றுவரை சமன் செய்யப்படவில்லை.