பனிமலைக்குள் நாற்பத்திரண்டு வருஷம்: மிஷனெரி வில்லியம் ஹைடே



ஹைடு என்று சொன்னதும் நம்ம சபையில் பலருக்கும் பஞ்சாபில் ஊழியம் செய்த ஜெபிக்கும் ஹைடுதான் ஞாபகத்துக்கு வருவார். இந்த மாதம் நாம் தியானிக்கப்போவது அவர் இல்லை. அவருக்கு ஒரு தலைமுறை முன்னாலேயே இமயமலைக்கு அந்தப்பக்கம் போய், பனிக்காலத்திலும் இறங்கி வராமல் அங்கேயே குடியிருந்த இன்னொரு தேவ மனிதர். பெயர் வில்லியம் ஹைடே.

1825-ல் ஜெர்மன் தேசத்துச் சைலேசியாவில் பிறந்தார். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. தகர வேலை கற்ற தொழிலாளி. ஆண்டவருடைய அழைப்பைப் பெற்று மொரேவியன் சபையாரோடு சேர்ந்தார். இந்த மொரேவியன் சபையார் நமக்கு அந்நியர் அல்ல. 1760-லேயே நம்ம தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டு, கைத்தொழில் செய்துகொண்டே ஊழியம் செய்தவர்கள் இவர்கள்தான்.

1853-ல் ஹைடேயும் பாகெல் என்ற சகோதரரும் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். இந்தியாவில் தங்குவதற்காக வரவில்லை. அவர்கள் பாரம் எல்லாம் மங்கோலியா மேல்தான். ரஷ்யா வழியாகப் போக அனுமதி கிடைக்காததால் இந்தியா வழியாக, திபெத்தைக் கடந்து போய்விடலாம் என்று வந்தார்கள். சிம்லாவுக்கு அப்பால் கோட்கர் என்ற இடத்தில் தங்கி மொழி படித்தார்கள். 1855-ல் மலைகளைத் தாண்டி லடாக் வரைக்கும் போனார்கள். அங்கிருந்து திபெத்துக்குள் நுழையப் பார்த்தபோது எல்லையில் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மங்கோலியாவின் மண்ணை ஹைடே கடைசிவரை மிதிக்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், கதவு எங்கே அடைபட்டதோ அதற்கு இந்தப்பக்கமே ஒரு வீட்டைக் கட்டி உட்கார்ந்தார்கள். அந்த இடம் லாஹௌல் பள்ளத்தாக்கில், பாகா நதிக்கரையில் உள்ள கேலாங் கிராமம். 1856-ல் வீடு எழும்பியது.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுமார் 10,000 அடி உயரம். நம்ம ஊட்டியே ஏழாயிரத்துச் சொச்சம் அடிதான், அங்கே டிசம்பர் மாசம் போனால் பல்லெல்லாம் கிடுகிடுக்கிறது. கேலாங் போக 13,000 அடி ரோத்தாங் கணவாயைக் கால்நடையாக ஏறி இறங்க வேண்டும். பனி விழ ஆரம்பித்தால் கணவாய் மூடிக்கொள்ளும். அப்புறம் மாதக்கணக்கில் கடை கிடையாது, டாக்டர் கிடையாது, தபால் எப்போது வரும் என்ற நிச்சயமும் கிடையாது. கோடையில் சேர்த்து வைத்த தானியமும் விறகும்தான் ஜீவன். ஊழியத்துக்குப் போகிறவர்கள் கோடையில் போய்ப் பிரசங்கித்துவிட்டுக் குளிருக்கு முன்னால் இறங்கி வந்துவிடலாம். அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த ஜனங்களோடு பனிக்குள் அடைபட்டுக் கிடந்தால்தான் அவர்கள் பாஷை நாவில் ஏறும். ஹைடே அப்படித்தான் கிடந்தார். அவரளவுக்கு அந்தப் பகுதியின் பேச்சுமொழியை அறிந்த வெளிநாட்டார் அந்தக் காலத்தில் வெகு சிலரே.

1857-ல் யேஷ்கே என்ற பண்டிதர் வந்து சேர்ந்தார். புதிய ஏற்பாட்டைத் திபெத்திய மொழியில் பெயர்க்கத் தொடங்கியவர் அவர். கேலாங்கில் கல்லச்சு ஒன்று வைத்துத் திபெத்திய மொழியில் கைப்பிரதிகளும் பாடப் புத்தகங்களும் அச்சடித்தார்கள். கோடை வந்ததும் ஹைடே அவற்றைச் சுமக்கச் செய்து ஸ்பிதி, ஜான்ஸ்கர், லடாக் என்று மலை மலையாக நடந்தார். நம்ம கைப்பிரதி ஊழியம் மாதிரித்தான். என்ன, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு கணவாய் இருக்கும், அவ்வளவுதான்.

1859-ல் ஹைடேக்குக் கலியாணம். பெண் மரியா ஹார்ட்மன். தென் அமெரிக்காவில் சுரினாம் தேசத்தில் ஊழியம் செய்த மிஷனெரிகளின் மகள். மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. சபையார் கேட்டார்கள், ஜெபித்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டாள் அந்தப் பிள்ளை. வயது இருபத்திரண்டு.

இந்த அம்மாவைப்பற்றி நம்ம மண்ணரை சகோதரிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லாஹௌல் ஜனங்களுக்குக் கம்பளி நூற்கத் தெரியும், தறியில் நெய்யத் தெரியும். ஊசியால் பின்னத் தெரியாது. மரியா அம்மாள் பனிக்காலத்தில் பெண்களைத் தன் வீட்டில் கூட்டிவைத்து, காலுறையும் கையுறையும் பின்னக் கற்றுக்கொடுத்தார். கை பின்னிக்கொண்டே இருக்கும், காது வேத கதைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற நமக்கு நிட்டிங் என்றால் மெஷின் சத்தம்தான் ஞாபகம் வரும். அங்கே சத்தமே இல்லை. வெளியே பனி, உள்ளே நாலு ஊசி, ஒரு அடுப்பு. புகைபோக்கி வைத்த அடுப்பு, உருளைக்கிழங்கு, காய்கறித் தோட்டம் இதெல்லாம் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்ததும் இந்த மிஷனெரிகளால்தான் என்று சொல்வார்கள்.

ஆனால் அவர்கள் பட்ட பாட்டையும் மறைக்கக்கூடாது. பிறந்த பிள்ளைகளில் சிலரைக் கேலாங் மண்ணிலேயே அடக்கம்பண்ணினார்கள். உயிரோடு இருந்தவர்களைச் சின்ன வயதிலேயே படிப்புக்காக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அனுப்பினால் திரும்பி வருகிற வழி ஏது? வருஷத்தில் சில மாதம் கடிதம்கூட ஏறி வராது. அந்தத் தாய் எத்தனை ராத்திரி அழுதிருப்பார்!

சரி, பலன்? இங்கேதான் வாசிக்கிற நமக்கே சங்கடமாக இருக்கிறது. முதல் ஞானஸ்நானம் 1865-ல்தான் நடந்தது, வீடு கட்டி ஒன்பது வருஷம் கழித்து. அதுவும் லாஹௌல்காரர்கள் அல்ல, லடாக்கிலிருந்து வந்த ஒரு தகப்பனும் மகனும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஜனங்கள், ஊசியைக் கையில் வாங்கிய ஜனங்கள், சுவிசேஷத்தை மட்டும் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அங்கே இருந்தது ஒரு சின்னக் கூட்டம்தான். கூட்டத்தில் எத்தனை கை உயர்ந்தது என்று மறுநாளே கணக்கு எழுதுகிற நாம் அப்படிப்பட்ட ஊழியருக்கு என்ன ரிப்போர்ட் எழுதியிருப்போமோ தெரியவில்லை.

கூட இருந்தவர்களும் ஒவ்வொருவராய்க் குறைந்தார்கள். பாகெல் குடும்பம் 1865-ல் கின்னௌர் பக்கம் பூ என்ற கிராமத்துக்குப் போனது. 1883-ல் கணவனும் மனைவியும் அங்கேயே மரித்துப்போனார்கள். யேஷ்கே சுகவீனப்பட்டு 1868-ல் ஐரோப்பா திரும்பினார், அவரும் 1883-லேயே காலமானார். அவர் தொடங்கிய திபெத்தியப் புதிய ஏற்பாடு 1885-ல் முழுதாய் அச்சேறியது. ஹைடே தம்பதியர் கேலாங்கிலேயே இருந்தார்கள்.

1898-ல், எழுபத்துமூன்று வயதில்தான் அவர் அந்தப் பள்ளத்தாக்கைவிட்டு இறங்கினார். அதுவும் ஓய்வுக்கு அல்ல. டார்ஜிலிங் பக்கம் கூம் என்ற ஊரில் உட்கார்ந்து புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைத் திருத்தினார். சரத் சந்திர தாஸ் எழுதி 1902-ல் வெளிவந்த பெரிய திபெத்திய அகராதியைத் திருத்தியவர்களில் அவரும் ஒருவர். தகர வேலைக்காரர் செய்த வேலையைப் பாருங்கள்! 1903-ல்தான் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார்கள். நடுவில் லீவுக்கென்று ஒரு தரம்கூடப் போகாமல் ஐம்பது வருஷம். குழந்தையாய் அனுப்பிய மகன் பெரிய மனுஷனாய் வந்து எதிரே நின்றான். 1907-ல் ஹைடே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

கேலாங் மிஷன் ஸ்டேஷன் 1940-ல் மூடப்பட்டது. 2020 அக்டோபரில் ரோத்தாங் மலைக்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்தார்கள். இப்போது கணவாய் மூடியிருக்கும்போதும் மணாலியிலிருந்து வண்டியிலேயே லாஹௌலுக்குள் போய்விடலாம். லாஹௌல் காலுறைக்கும் கையுறைக்கும் அண்மையில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கலர் கலராய்ப் பூப்போட்ட கம்பளிக் காலுறையைக் கடைகளில் பார்க்கலாம். இன்னமும் கையாலேதான் பின்னுகிறார்கள்.