ஆற்றையே திசை திருப்பிய இன்ஜினியர்... யார் இந்த வில்லியம் ஹட்சன்?

கடலுக்குப் போற ஆற்றை மலைக்கு அடியில் குடைஞ்சு, அந்தப் பக்கம் திருப்பிவிட முடியுமா? ஆஸ்திரேலியாவில் 25 வருஷம் பாடுபட்டு அதைச் செய்து காட்டினார்கள். அதில் முதல் 18 வருஷம் தலைமை தாங்கியவர் சர் வில்லியம் ஹட்சன்.

என்ன திட்டம் அது?

ஸ்னோவி மலைகளில் பனி உருகி வரும் தண்ணீர், ஸ்னோவி நதி வழியா தெற்கே ஓடி கடலில் கலந்தது. மலைக்கு மேற்கே இருந்த விவசாயிகளோ வறட்சியில் தவித்தார்கள். அந்தத் தண்ணீரை அணை கட்டித் தேக்கி, சுரங்கப்பாதை வழியா மேற்கே முர்ரே, முர்ரம்பிட்ஜி ஆறுகளுக்கு அனுப்பணும். கீழே இறங்கும் வேகத்தில் டர்பைனைச் சுழற்றி மின்சாரமும் எடுக்கணும். இதுதான் திட்டம்.

வேலை போன இன்ஜினியர்

ஹட்சன் பிறந்தது 1896-ல், நியூசிலாந்தின் நெல்சன் நகரில். லண்டனில் சிவில் இன்ஜினியரிங் படித்தார். நடுவில் முதல் உலகப் போருக்குப் போய் காயம்பட்டார். பிறகு நியூசிலாந்தில் நீர்மின் திட்டங்கள், சிட்னி பக்கம் நேப்பியன் அணை என வேலை பார்த்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போனது. ஸ்காட்லாந்துக்குப் போய் காலோவே நீர்மின் திட்டத்தைக் கட்டினார். திரும்பி வந்து சிட்னி குடிநீர் வாரியத்தில் தலைமைப் பொறியாளர் ஆனார்.

1949 ஆகஸ்டில் ஸ்னோவி நீர்மின் ஆணையத்தின் முதல் கமிஷனர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்போது வயது 53.

ஏன் அவ்வளவு அவசரம்?

1949 அக்டோபர் 17-ல் அடமினபி ஊரில் தொடக்க விழா. எதிர்க்கட்சித் தலைவர் மென்சிஸ் வரவே இல்லை. இரண்டே மாதத்தில் ஆட்சி மாறி, அவரே பிரதமர் ஆனார். திட்டம் நின்றுபோகுமோ என்ற பயம் இருந்தது. சீக்கிரம் மின்சாரத்தைக் காட்டினால்தான் தப்பிக்கும் என்று ஹட்சன் வேலையை முடுக்கினார். 1955-ல் குத்தேகா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மென்சிஸ் அரசும் திட்டத்தைத் தொடர்ந்தது. அதே வருஷம் ஹட்சனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

எதிரிகள் ஒரே சுரங்கத்தில்

உள்ளூரில் ஆள் போதவில்லை. ஐரோப்பாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 30-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மொத்தம் 1 லட்சம் பேர் வேலை செய்தார்கள். சில வருஷத்துக்கு முன்பு போரில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே சுரங்கத்தில் பாறை உடைத்தார்கள். இன்றைய பல கலாச்சார ஆஸ்திரேலியா உருவானதில் இந்த முகாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கொடுத்த விலை

வேகத்துக்கு விலையும் இருந்தது. திட்டம் முடிவதற்குள் 121 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பாதுகாப்பு விஷயத்தில் ஹட்சன் பிறகு கறாரானார். நாட்டில் சீட் பெல்ட் சட்டம் வருவதற்கு முன்பே, 1960 வாக்கில், ஆணையத்தின் வண்டிகளில் அதைக் கட்டாயமாக்கினார்.

தொடக்க விழா நடந்த அடமினபி ஊரே அணைத் தண்ணீருக்குள் போனது. வீடுகளை அப்படியே லாரியில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜிண்டபைன் ஊருக்கும் இதே கதிதான்.

முடிவைப் பார்த்தாரா?

1967-ல், 71 வயதில் ஹட்சன் ஓய்வு பெற்றார். திட்டம் முழுசா முடிந்தது 1974-ல். 16 பெரிய அணைகள், 7 மின் நிலையங்கள், சுமார் 145 கி.மீ. சுரங்கப்பாதைகள். செலவு சுமார் 82 கோடி ஆஸ்திரேலிய டாலர். 1978 செப்டம்பரில் ஹட்சன் காலமானார்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி இருந்தது. ஜிண்டபைனுக்குக் கீழே ஸ்னோவி நதியில் பழைய ஓட்டத்தில் சுமார் 1 சதவீதம்தான் மிச்சம். கரையோர மக்கள் பல வருஷம் போராடினார்கள். கொஞ்சம் தண்ணீரையாவது நதிக்கே திருப்பிக் கொடுக்க 2000-ல் அரசுகள் ஒப்புக்கொண்டன. ஹட்சன் கட்டிய மின் நிலையங்கள் இன்றும் ஓடுகின்றன.