காலரா நஞ்சு கண்ட சம்புநாத் தே

ஒருவரது உழைப்பின் பயனை உலகம் நுகர்ந்துகொண்டிருக்க, உழைத்தவர் பெயர் மட்டும் மறைந்து கிடத்தல் புதுமையன்று. அங்ஙனம் தம் நாட்டினரால் நெடுங்காலம் போற்றப்படாதிருந்து, பிற்காலத்தே உலக மருத்துவரால் கொண்டாடப்பெற்ற சம்புநாத் தே என்னும் வங்காளப் பெரியாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் ஹூக்ளி ஜில்லாவிலுள்ள கரிபாட்டி என்னும் சிற்றூரில் 1915-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 1-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சிறு வணிகர், செல்வர் அல்லர். எனினும் இளைஞர் கல்வியில் தளராது நின்று, உதவிச் சம்பளம் பெற்றுப் பயின்று, 1939-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் மாநகர் சென்று, ராய் கேமரன் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி பயின்று, 1949-இல் டாக்டர் பட்டத்துடன் தாய்நாடு திரும்பினார்.

அந்நாளில் கல்கத்தா நகரைக் காலரா விட்டபாடில்லை. காலையில் நலமுடன் இருந்தார் மாலைக்குள் மாளும் கொடுமையை வங்காளத்தார் நன்கறிவர். இந்நோயை விளைக்கும் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1884-இல் அந்நகரிலேயே ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தினார். அக்கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரத்தல் வேண்டும் என்றும் அவர் கருதினார். ஆயினும் அதனை மெய்ப்பித்தார் இலர். ஆராய்வோர் கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்தினர், விலங்குகள் இறந்தன, மனிதர்க்கு நேரும் பேதியோ அவற்றிற்கு நேரவில்லை. இவ்வாறே ஏறக்குறைய 70 ஆண்டுகள் கழிந்தன.

நோய் குடலில் நிகழ்வதாயின், அதன் காரணத்தையும் குடலிலேயே தேடுதல் வேண்டும் என்று தே துணிந்தார். முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனையும் பட்டு நூலாற் கட்டி, அதனுள் காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாட் காலையில் அப்பகுதி, அரிசி கழுவிய நீர் போன்ற நீரால் நிரம்பிப் புடைத்திருந்தது. கிருமி செலுத்தாத பகுதியோ வெறுமையாய்க் கிடந்தது. இம்முறையினை 1953-இல் தம் துணைவர் ஒருவருடன் வெளியிட்டார். ஈ. கோலி என வழங்கும் குடற்கிருமியுள் சில வகைகளும் இவ்வாறே நீரைப் பெருக்குவதை 1956-இல் காட்டினார்.

இனி, அந்நீரைப் பெருக்குவது கிருமியின் உடலா, அது சுரக்கும் பொருளா என்னும் ஐயம் எஞ்சியது. கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாதவாறு செய்து, அதனை மட்டும் குடலுட் செலுத்தினார். அப்பொழுதும் குடல் புடைத்தது. நஞ்சு உண்டென்பது இதனால் ஐயமற விளங்கியது. இக்கட்டுரை 1959-இல் 'நேச்சர்' என்னும் இதழில் வெளிவந்தது. கருவியோ எளியது, கருத்தே அரியது.

இந்நஞ்சு குடற்சுவரை அழிப்பதன்று. அதனைத் தூண்டி, உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றச் செய்வது. இழந்ததை ஈடு செய்தால் உயிர் பிழைக்கும். சர்க்கரையோடு சேர்ந்த உப்பை அந்நிலையிலும் குடல் ஏற்கும் என்பதைப் பிற அறிஞர் கண்டனர். 1971-இல் பங்களாதேசப் போரில் அகதிகளாய் வந்தோர் தங்கிய பன்காவ் முகாமில் திலீப் மஹலனாபிஸ் என்னும் மருத்துவர் இந்நீரைப் பருகத் தந்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 4-க்கும் கீழாகக் குறைந்தது. காய்ச்சி ஆறவைத்த நீர் 1 லிட்டர், தலை தட்டிய சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி: இவ்வளவே. பேதி கண்ட குழந்தைக்கு இதனைச் சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே மருத்துவரிடம் விரைதல் தாய்மார் கடன்.

இத்தகையார்க்கு நாடு செய்த சிறப்பு யாது? அவர் வாழ்நாளில் இந்திய அறிவியற் கழகம் எதுவும் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்திலது. நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பெருமையும் 1969-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளரைச் சார்ந்தது. 1973-இல் தே பணியினின்றும் ஓய்வு பெற்றார். 1978-இல் ஸ்டாக்ஹோம் நகரில் காலரா பற்றிக் கூடிய நோபெல் கருத்தரங்கு அவரை அழைத்து மதித்தது. நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், அப்பரிசினை இவர்க்கு அளிக்குமாறு ஒரு முறைக்கு மேலும் பரிந்துரைத்தார், அது கிட்டவில்லை. 1985-ஆம் ஆண்டு ஏப்பிரல் 15-ஆம் நாள் இவர் மறைந்தார். 1990-இல்தான் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் இவர்க்கெனத் தனி மலர் வெளியிட்டது.

புகழ் வரும்வரை காத்திராது கடமை ஆற்றிய இப்பெரியார் வாழ்வு, கற்கும் இளைஞர்க்கு நல்வழி காட்டும். முதியோராகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஓசையின்றி உழைத்துக் கற்கும் பிள்ளைகள் பலர் உளர். படத்திற்கு மாலை சூட்டும் நாள் வரை காத்திராது, அவர்க்குப் புத்தகமும் பொருளும் வேண்டும்போதே நாம் முன்வந்து உதவுவோமாக.